தோல் என்றதும் கதவைச் சாத்தாதீர்கள்: கைவினைச் சந்தைத் தேர்வுக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேர்வுக்குழுவினருக்கு,

இந்த ஆண்டுச் சந்தையில் தோல் பொருட்களுக்குக் கடை கிடையாது என்ற உங்கள் முடிவு எங்களுக்கு வந்து சேர்ந்தது. இனிமேல் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களுக்கு மட்டுமே இடம் என்றும், தோல் பதனிடுவது ஆற்றையும் நிலத்தையும் கெடுக்கும் தொழில் என்பதால் அந்த வகையையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே கடைகளின் பட்டியலும் வந்தது. பார்ப்பதற்குத் தோல் மாதிரியே இருக்கும் செயற்கைத் துணியில் பையும் பெல்ட்டும் செருப்பும் செய்கிறவர்களுக்கு அதில் இடம் கொடுத்திருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நான் பேர்ணாம்பட்டுப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரிலிருந்து மலைப்பாதையில் ஏறி இறங்கினால் ஆந்திரா. வி.கோட்டாவும் பலமநேரும் குப்பமும் எங்களுக்கு அயலூர் இல்லை, சந்தைக்குப் போய்வருகிற ஊர்கள்தான். கறிக்கடையில் தோல் வாங்கும்போது தெலுங்கு, தோல் பதனிடும் ஷாப்புக்காரரிடம் பாதி உருது, வீட்டில் தமிழ், இப்படித்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் செருப்பும் பையும் தைக்கிறோம். எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து உங்கள் சந்தையில் சில ஆண்டுகளாகக் கடை போட்டுவந்தோம்.

தோல் தொழில் ஆற்றைக் கெடுத்தது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பிறந்த வீடு ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றை ஒட்டி. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. குடத்தைக் கவிழ்த்தால் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். நெல் விளைந்த கழனியைத் தரிசாகப் போட்டுவிட்டு, அதே நிலத்துக்காரர் ஷாப்பில் கூலிக்குப் போனதை நான் பார்த்து வளர்ந்தேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, தோல் ஷாப்புகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு ஆகாமல் போய்விட்டது என்று பதிவு செய்தது. கெடுத்தவரே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்ற நெறியை நாட்டுக்குச் சொன்ன தீர்ப்பு அது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தச் சேற்றில் செத்தார்கள். இதையெல்லாம் மறந்துவிட்டு நான் எழுதவில்லை. இதையெல்லாம் தெரிந்தவள் என்பதால்தான் எழுதுகிறேன்.

இந்த அழிவில் பெரும்பங்கு எந்தத் தோலிலிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. என் புகார் அதுதான்.

உலகத்தில் இன்றைக்குப் புழங்கும் தோலில் பத்தில் எட்டுக்கு மேல் குரோமியத்தில் பதனிட்டது. பச்சைத் தோலை டிரம்மில் போட்டு, குரோமிய உப்பைக் கரைத்து ஊற்றிச் சுற்றவிட்டால் ஒரே நாளில் தோல் பதமாகி நீலமாக வெளியே வரும். வழக்கமான முறையில் போட்ட குரோமியத்தில் 60, 70 சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மீதி தண்ணீரோடு போகும். அதை முறையாகப் பிரித்து மறுபடி பயன்படுத்துகிற ஷாப்புகள் இருக்கின்றன, அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பல காலம் அப்படிச் செய்யாமல் ஓடையில் விட்டதன் பலனையும் எங்கள் கிணறுகள் அனுபவிக்கின்றன. தோலில் போடுகிற குரோமியம் மூவிணைதிற நிலையில் இருக்கும்போது அவ்வளவு கேடு இல்லை, எரித்தாலோ வேறு ரசாயனம் பட்டாலோ ஆறிணைதிறக் குரோமியம் என்ற வேறு வடிவத்துக்கு மாறும். அது புற்றுநோய் தரும் நஞ்சு. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் அந்தக் கழிவு மலையாகக் குவிந்து கிடந்ததை ஊரறியும்.

இந்த மண்ணில் தோலுக்குக் குரோமியம் வந்தது ரொம்பப் பழைய கதையும் இல்லை. 1900களின் தொடக்கத்தில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் அதைச் சோதித்துப் பார்த்தார். 1912-இல் தொடங்கிய தொழிற்சாலையின் பெயரால்தான் குரோம்பேட்டைக்கே அந்தப் பெயர். அப்போதும் எங்கள் பக்கத்து ஷாப்புகள் பட்டையில்தான் பதனிட்டன. கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் அது லண்டன் வரை போனது. 1972-இல் சீதாராமையா குழு கொடுத்த பரிந்துரைக்குப் பிறகு பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாடு போவதற்குக் கட்டுப்பாடு வந்தது. முழுசாக முடித்த தோலையும் செருப்பையும்தான் அனுப்ப வேண்டும் என்பது அரசின் எண்ணம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் பட்டைத் தோல் பாதி பதனிட்ட தோல் என்ற கணக்கில் மாட்டிக்கொண்டது. பட்டைச்சாற்றில் தோலை ஊறப்போடும் குழிகளை மூடிவிட்டுப் பெரும்பாலோர் டிரம்முக்கு மாறினார்கள். இன்றைக்குத் திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டில் கொஞ்சம், எங்கள் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும் என்றுதான் குழிகள் மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கிழக்கிந்தியத் தோலுக்கு 2008-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அரசு கைவினைப் பெருமை என்று சான்று கொடுத்த ஒரு பொருளை, கைவினைக்கென்றே நடக்கும் உங்கள் சந்தை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

நாங்கள் தோல் வாங்கும் குழியைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் பார்த்ததில்லை என்று உங்கள் முடிவே காட்டுகிறது.

காலையில் அறுத்த ஆட்டுத் தோல் பக்கத்துச் சந்தை ஊர்களிலிருந்து அன்றைக்கே வந்துவிடும். தூரத்திலிருந்து லாரியில் வரும் தோலுக்கு அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு உப்பாவது போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே அழுகும். கையெட்டும் தூரத்திலிருந்து வருவதால் எங்களுக்கு அந்த உப்பு பெருமளவு மிச்சம். கழுவி, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு, மயிர் இளகினதும் மரத்தின்மேல் விரித்து மழுங்கின கத்தியால் தள்ளுவார்கள். உள்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வைச் சீவுவார்கள். அப்புறம் சுண்ணாம்பு போகக் கழுவித் தவிட்டுத் தண்ணீரில் ஊறப்போடுவது. அதன் பிறகுதான் பட்டைத் தொட்டி.

அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. புதுசாக ஊறிய காரமான பட்டைச்சாற்றில் தோலை முதலிலேயே இறக்கக் கூடாது. மேல்பக்கம் சட்டென்று இறுகிச் சாறு உள்ளே போகாமல் அடைத்துவிடும். நடு பச்சையாகவே நின்றுபோகும், பின்னால் அங்கேதான் வெடிக்கும். அதனால் பல தோலைப் பார்த்து இளைத்துப்போன பழைய சாற்றில் முதலில் போட்டு, அடுத்தது அதைவிடக் கொஞ்சம் கெட்டி, அதற்கடுத்தது இன்னும் கெட்டி என்று தொட்டி தொட்டியாக மாற்றிக்கொண்டு போவார்கள். சாறு எதிர்ப்பக்கமாக இறங்கி வரும். பட்டையின் சத்தைத் தோல் கடைசி வரை உறிஞ்சிய பிறகுதான் தண்ணீர் வெளியே போகும். கடைசியில் கடுக்காய்த் தொட்டி. ஆவாரம்பட்டைத் தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும், கடுக்காய் அதைத் தடுத்து இளமஞ்சளாக நிறுத்தும். எண்ணெய் தடவி நிழலில் காயப்போட்டால் முடிந்தது. டிரம்மில் ஒரு நாளில் ஆகிற காரியம் இதில் வாரக்கணக்கில் போகும், மாட்டுத் தோல் என்றால் இன்னும் கூட.

ஆவாரம் எங்கள் எல்லைக் கரடுகளில் தானே முளைப்பது. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் வைப்பதில்லை. குச்சியைத் தரையோடு அறுத்து, தட்டி, பட்டையை உரிப்பார்கள். அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். உரித்த குச்சி அடுப்புக்குப் போகும். சாறு இறங்கிய சக்கைப் பட்டையும் காய்ந்தால் எரிக்க உதவும். குரோம் தோலைச் சீவின தூளை அப்படி அடுப்பில் போட்டுவிட முடியாது. கடுக்காய் ஜவ்வாது மலையில் பொறுக்குகிற மலைக் குடும்பங்களின் கையிலிருந்து வருகிறது. எங்கள் ஒரு ஜோடிச் செருப்புக்குள் இத்தனை பேருடைய கூலி இருக்கிறது.

பட்டைத் தோல் என்றாலே மாசு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுண்ணாம்பு இரண்டுக்கும் பொது. பட்டைச்சாறு கரும்பழுப்பாக இருக்கும், அதை அப்படியே ஏரியில் விட்டால் தண்ணீரிலுள்ள பிராணவாயுவை இழுத்து மீனைக் கொன்றுவிடும். அதைச் சுத்திகரித்துத்தான் ஆக வேண்டும், அதற்குச் செலவாகும். ஆவாரத்தை வேரோடு பிடுங்குகிறவர்களும் உண்டு, அவர்களோடு எங்களுக்குச் சண்டை நடந்திருக்கிறது. இந்தக் கேள்விகளை நீங்கள் எங்களிடம் கேட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருப்போம். நீங்கள் கேட்கவில்லை.

உயிர்க்கொலை கூடாது, அதனால் தோல் வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருந்தால் அது வேறு பேச்சு. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன், அதோடு வாதாட மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன காரணம் சுற்றுச்சூழல். அந்தக் காரணத்தை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக்குக்குக் கடை கொடுத்ததை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

நீங்கள் அனுமதித்த பை எதனால் ஆனது? பாலியெஸ்டர் துணியின்மேல் பாலியூரித்தேன் அல்லது பி.வி.சி. பூசியது. இரண்டும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. எங்கள் பக்கம் காற்றில் ஈரம் ஏறினால் அந்தப் பூச்சு பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். எங்கள் சித்தப்பா பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைக்கிறார். வார் அறுந்தது என்று அந்தச் செருப்பைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஊசி போட்ட ஓட்டையிலிருந்தே அது மேலும் கிழியும். தைக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தால் அங்கேயே குப்பையில் போட்டுவிட்டுப் போவார்கள், அப்புறம் யாரோ குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவார்கள். பட்டைத் தோல் செருப்பை அதே சித்தப்பா அடி மாற்றி, வார் மாற்றி, திரும்பத் திரும்பத் தைத்துக் கொடுக்கிறார். போடப் போட அது காலின் வடிவத்துக்கு வந்துவிடும். நீடித்து உழைக்கிற பொருளைத் தேடுகிறவர்கள் இதைப் பார்க்காமல் விட்டது எப்படி?

எங்கள் பகுதியில் தோலுக்காக யாரும் ஆடு வளர்ப்பதில்லை. கறிக்காக அறுத்த ஆட்டின் தோல் அது. பதனிட ஆளில்லாவிட்டால் அது ஏரிக்கரையில் அழுகும், நாய்கள் இழுக்கும். அதை நாங்கள் பல ஆண்டு உழைக்கும் பொருளாக ஆக்குகிறோம்.

தோலில் இது எது, அது எது என்று கண்டுபிடிப்பது கடினம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். எங்களுக்கு மோந்தாலே தெரியும், உங்களுக்கும் வழி சொல்கிறேன். முதலில் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். பட்டைத் தோல் உள்ளே முழுக்க ஒரே பழுப்பாக இருக்கும். குரோம் தோலில் மேலே என்ன சாயம் போட்டிருந்தாலும் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் பெரும்பாலும் எட்டிப் பார்க்கும். அடுத்தது, நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் அன்னபேதி வாங்கித் தண்ணீரில் கரைத்து, அந்த வெட்டுமுனையில் ஒரு சொட்டு விடுங்கள். பட்டைத் தோலாக இருந்தால் கண்ணெதிரே மைபோலக் கறுக்கும். பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்பு இரும்போடு சேரும்போது வரும் கறுப்பு அது, அந்தக் காலத்துக் கடுக்காய் மையும் இந்த வழியில் செய்ததுதான். குரோம் தோலுக்குப் பின்னால் பட்டைச்சாறு ஏற்றியிருந்தால் அதுவும் கறுக்கலாம், ஏமாந்துவிடாதீர்கள். அதற்கு மூன்றாவது சோதனை: ஒரு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு சுருங்கிக் கட்டியாகும், குரோம் தோல் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். இதிலும் சந்தேகம் தீராவிட்டால் அடையாறில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்கள் அலுவலகத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த விஷயத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். உடம்பில் படுகிற தோல் பொருளில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்று 2015 மே மாதம் முதல் விதி வைத்திருக்கிறார்கள். அளவு வைத்தார்கள், சோதித்தார்கள். ஒட்டுமொத்தமாகத் தோலே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2025-இல் கோலாப்பூர் செருப்பைப் போல ஒன்றை இத்தாலிய நிறுவனம் ஒன்று மிலான் மேடையில் ஏற்றியபோது, நம் கைவினைஞர்களின் உழைப்பைச் சொல்லவில்லையே என்று நாடே கொதித்தது. அந்தக் கோலாப்பூர்ச் செருப்பும் வேலம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலில் வந்ததுதான். அதே வகைத் தோலோடு நாங்கள் உங்கள் வாசலில் நிற்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தோலைத் தொடுகிறவர்கள் என்பதற்காக எங்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய ஊர்கள் இவை. டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்ததை எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். உங்கள் சந்தையில்தான் முதல் தடவையாக எங்கள் பெண்கள் தங்கள் வேலையைத் தலைநிமிர்ந்து விளக்கிச் சொன்னார்கள், வாங்க வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். போன வருடம் மட்டும், வாடை வருகிறது என்று எங்கள் கடையைக் கோடியில் ஜெனரேட்டர் பக்கம் தள்ளினார்கள். பட்டைத் தோலில் வருவது மரப்பட்டையும் எண்ணெயும் கலந்த வாசம், அதை முகம் சுளித்துச் சொன்னவர் மோந்து பார்த்துச் சொல்லவில்லை. இந்த வருடம் கடையே இல்லை. உங்கள் மனதில் அந்தப் பழைய எண்ணம் இருக்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் விசாரிக்காமல் ஒதுக்கும்போது எங்களுக்கு அது எப்படி வந்து சேர்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பிள்ளைகளில் இந்த வேலைக்கு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இரண்டொருவரும் இதற்குப் பிறகு பெங்களூர் கம்பெனி வேலைக்கு மனு போட்டுவிட்டார்கள். குழியில் பட்டைச்சாற்றின் காரத்தை நாக்கில் தொட்டுச் சொல்லும் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அது எழுதிவைத்த பாடமாக எங்கும் இல்லை.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது இவை.

கடைகளை இறுதி செய்யும் முன்பு, தோல் பொருள் எல்லாவற்றுக்கும் போட்ட தடையை விலக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, தோல் எதில் பதனிட்டது, எந்த ஷாப்பிலிருந்து வந்தது, அந்த ஷாப்பின் கழிவுநீர் எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளை விண்ணப்பத்தில் சேருங்கள். பதில் சொல்ல முடியாதவருக்குக் கடை கொடுக்காதீர்கள், அது நாங்களாகவே இருந்தாலும் சரி. எங்கள் கடையிலிருந்து நீங்களே எடுக்கும் எந்தச் செருப்பையும் அடையாறுக்குச் சோதனைக்கு அனுப்புங்கள், செலவை நாங்கள் கட்டுகிறோம். குரோமியத்தில் பதனிட்டது என்று தெரிந்தால் அடுத்த ஆண்டிலிருந்து எங்களை அழைக்கவே வேண்டாம்.

செயற்கைத் தோல் விற்கும் கடைகளுக்கும் இதே மாதிரிக் கேள்விகளை வையுங்கள். பூச்சு பாலியூரித்தேனா, பி.வி.சி.யா என்பதை வாங்குகிறவர் படிக்கும்படி கடை முகப்பில் எழுதச் சொல்லுங்கள். நாங்களும் எங்கள் தோலின் விவரத்தை எழுதி மாட்டுகிறோம்.

தேர்வுக்குழுவில் தோலைக் கையால் தொட்டு வேலை செய்த ஒருவரைச் சேருங்கள். திண்டுக்கல்லிலிருந்தோ, ஈரோட்டிலிருந்தோ, எங்கள் பக்கத்திலிருந்தோ, யாராக இருந்தாலும் சரி. முடிவெடுக்கும் முன் உங்களில் இருவராவது வந்து ஒரு பட்டைக் குழியைப் பாருங்கள். காட்பாடியில் இறங்கினால் குடியாத்தம் வழியாகப் பஸ் உண்டு. கழிவுத் தொட்டி உட்பட எதையும் மறைக்காமல் காட்டச் சொல்லி ஷாப்புக்காரரிடம் பேசிவைத்திருக்கிறோம்.

இந்த மடலுக்குப் பதிலை எழுத்தில் அனுப்புங்கள். மறுப்பதாக இருந்தாலும் எந்தச் சோதனையை, எந்த ஆதாரத்தை வைத்து மறுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். போன கடிதம் ஆங்கிலத்தில் வந்தது, பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை தமிழில் அனுப்புங்கள், தைக்கிற பெண்கள் எல்லோரும் தாங்களே படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பேர்ணாம்பட்டு வட்டாரத்திலிருந்து,
பட்டைத் தோல் செருப்பு தைக்கும் பெண்களின் சார்பில் ஒருத்தி